மே பதினாலு வரை மழை வேண்டாம்

மாலிங்காய்
20 பிப்ரவரி 2001

அன்புள்ள அக்கா,

ஜீப்பில் முட்டை வருகிறது. எண்ணிப் பார்க்காதே, சிரிப்பாய். வழியில் சோதனைச் சாவடிப் போலீஸ்காரன் நிறுத்தி, "என்னடா, உங்க மேயர் கோழிப் பண்ணையும் ஆரம்பிச்சிட்டாரா?" என்று கேட்டானாம். நம் டிரைவர் சும்மா இருப்பானா? "ஐஸ் ஃபேக்டரி இருக்கு, அரிசி ஆலை இருக்கு, சிமெண்ட் கடை இருக்கு, கோழிய மட்டும் ஏன் விடணும்?" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அவனை வேலையை விட்டுத் தூக்கலாமா, சம்பளம் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று தடவை மேயராக இருந்தாயிற்று. நாலாவது தடவை நிற்கச் சட்டம் விடாது. அதனால் என் நாற்காலிக்கு என் மனைவி எஸ்தெலா நிற்கிறாள். நான் கவர்னருக்கு நிற்கிறேன். எஸ்தெலாவுக்கு மேடையில் பேச வராது, ஆனால் அழ வரும். அதுவே போதும் என்கிறார்கள். ஒரே ஒரு ஓட்டை லாரியில் கொப்பரை ஏற்றிக்கொண்டு அலைந்த உன் தம்பி மாகாணத்துக்கே தலைவன் ஆகப் போகிறான் அக்கா. அம்மா இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

எதிரே நிற்பது சால்தானா. பழைய பணக்காரன், பேசவே மாட்டான், பெயர் மட்டும் பேசும். எனக்கு அப்படியில்லை, ஒவ்வொரு ஊராகப் போய்க் கூட்டம் போட்டாக வேண்டும். ஆகவே தேர்தல் நாளான மே பதினாலு வரைக்கும் மழை வேண்டாம். நீயும் உன் மடத்துச் சகோதரிகளும் சேர்ந்து கேட்டால் மேலே இருப்பவர் மறுக்க மாட்டார். மதருக்கு என் வணக்கம். சமையலறைக் கூரை ஒழுகாமல் இருக்கிறதா?

உன் தம்பி,
மோய்

*

கிளாரா மடம்
26 பிப்ரவரி

மோய்,

முட்டை வந்தது. மூன்று நாளாக ஆம்லெட், அவித்த முட்டை, முட்டைப் பாயசம். நேற்றுச் சாப்பாட்டு மேசையில் வயதான சிஸ்டர் இம்மாகுலாத்தா தட்டைப் பார்த்துவிட்டு, "உங்க தம்பி தோத்துட்டா நல்லாயிருக்கும், கொஞ்சம் கத்திரிக்கா சாப்பிடலாம்" என்றார். மதர்கூடச் சிரித்துவிட்டார்.

ஊர் வழக்கம் உனக்குத் தெரியாதா? கல்யாணம் என்றால் மடத்துக்கு ஒரு டஜன் முட்டை கொண்டுவருவார்கள், அந்த ஒரு நாள் மழை வரக்கூடாது என்று. திருவிழா என்றால் இரண்டு டஜன். நீ மூன்று மாதத்து வானத்தை மொத்தமாகக் குத்தகைக்குக் கேட்கிறாய். நாற்றுப் போட்டவர்கள் வாசலில் வந்து மழை வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்ல? என் தம்பி முன்பதிவு செய்துவிட்டான் என்றா?

இன்னொன்று கேட்கவேண்டும். இந்த மாதங்களில் நம் பக்கம் மழை பெய்வதே அபூர்வம். பிறகு எதற்கு இத்தனை பயம்? முதல் தேர்தலில் கொட்டும் மழையில் நனைந்துகொண்டே பேசினாய். "என்கூட நனையறவன்தான் என் ஆளு" என்று சொன்னாய் என்று ஊரே பேசியது. அந்த மோய் எங்கே போனான்?

கூரை ஒழுகவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் அதைக் கேட்காதே, கொடுத்தது போதும்.

நாளை மறுநாள் தவக்காலம் தொடங்குகிறது. ஈஸ்டர் வரை நாங்கள் கடிதம் எழுதுவதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள், சர்க்கரை மாத்திரையைத் தவறவிடாதே.

சிஸ்டர் கொன்சொலாத்தா
(உனக்கு என்றைக்கும் பெத்தா அக்கா)

*

மாலிங்காய்
7 மார்ச்

அக்கா,

நீ பதில் எழுத மாட்டாய் என்று தெரியும். படிக்கவாவது படிப்பாய்.

முட்டை இந்த வாரமும் வருகிறது. வேண்டாம் என்று திருப்பி அனுப்பாதே. பிஸ்கட் சுட்டு விற்றுக்கொள்ளுங்கள். உன் நாற்றுக்காரர்களுக்காக நான் இறங்கி வருகிறேன்: வயல் பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் பெய்யட்டும், கூட்டம் நடக்கும் ஊரில்கூடப் பெய்யட்டும், குடை வாங்கிக்கொள்கிறேன். மலையில் மட்டும் வேண்டாம். ரிபெராக் குடியிருப்புக்கு மேலே இருக்கிறதே, ஆறு இறங்கி வருகிற அந்த மலை, அங்கே மட்டும் வேண்டாம். இவ்வளவு சின்னதாக யாராவது கேட்டிருக்கிறார்களா?

எனக்குத் தூக்கம் சரியில்லை. சர்க்கரைதான் காரணம் என்று டாக்டர் சொல்கிறார். மேடையில் நன்றாகத்தான் இருக்கிறேன். இறங்கியதும் வானத்தைப் பார்க்கிறேன். எஸ்தெலா கேலி செய்கிறாள், "நீங்க கவர்னருக்கு நிக்கிறீங்களா, வானிலை ஆபீசுக்கு நிக்கிறீங்களா?" என்று.

மலையில் மட்டும், அக்கா.

மோய்

*

கிளாரா மடம்
21 மார்ச்

மோய்,

தவக்காலத்தில் எழுத மதர் எனக்குத் தனியாக அனுமதி கொடுத்திருக்கிறார். ஏன் என்று நீயே தெரிந்துகொள்வாய்.

நேற்று வாசல் மணி அடித்தது. எங்களுக்கும் வெளியே இருப்பவர்களுக்கும் நடுவே சுழல் அலமாரிதான். முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். ஒரு பெண் ஆறு முட்டை வைத்தாள். கடை முட்டை இல்லை, அவள் வீட்டுக் கோழி போட்டது. பெயர் ரோசிங். வீடு ரிபெராவில், நீ கட்டிய கரைச்சுவருக்கு நேர் கீழே.

"என்ன வேண்டிக்கணும்மா?" என்று கேட்டேன். "மழை பெருசா வரக்கூடாது சிஸ்டர். சுவத்துல தண்ணி கசியுது. காஞ்ச காலத்துலயே கசியுது. போய்ச் சொன்னோம். லியோன்சியோன்னு மேஸ்திரி வந்தாரு, மேல ஒரு பூச்சு பூசினாரு, பூச்சு காயறதுக்குள்ள மேயர் மூஞ்சிய வரைஞ்சுட்டுப் போயிட்டாரு. இப்ப அவர் கன்னத்துலேர்ந்து கசியுது" என்றாள். நான் உன் அக்கா என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்லாததற்கு வெட்கப்படுகிறேன்.

நீ ஜீப் நிறைய அனுப்பியதும் அவள் ஆறு முட்டை வைத்ததும் ஒரே வேண்டுதலுக்கு. அவளுக்கு இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. உனக்கு இருக்கும் பயம் என்ன?

சுற்றி வளைக்காமல் எழுது. அந்தச் சுவரில் என்ன இருக்கிறது?

பெத்தா

*

மாலிங்காய்
25 மார்ச்

அக்கா,

நீ என்ன, தணிக்கை அதிகாரியா? நாற்பது வருஷமாகக் கம்பிக் கிராதிக்குப் பின்னால் இருக்கிறவளுக்கு ஆற்றைப் பற்றியும் சிமெண்டைப் பற்றியும் என்ன தெரியும்? உன் மடத்துக் கூரை எந்தக் கடைத் தகட்டில் போட்டது என்று கேட்டுப் பார். அந்தக் கூரையின் கீழே உட்கார்ந்துகொண்டு என்னை விசாரிக்கிறாய்.

இதை எழுதிவிட்டுக் கிழிக்கப் பார்த்தேன். கிழிக்கவில்லை. கிழித்தால் இன்னொரு பொய் எழுத வேண்டும்.

சுவரில் ஒன்றுமே இல்லை அக்கா. அதுதான் விஷயம். மேலே ஒரு முழத்துக்குக் கம்பி நிற்கிறது, அதிகாரிகள் வந்து பார்க்க. கீழே கம்பி இல்லை. ஆற்றுச் சரளையும் தென்னந்துண்டும் போட்டு மூடியிருக்கிறோம். கம்பிக்கு வந்த பணத்தில் மேலே இருப்பவர்கள் தங்கள் பங்கை எடுத்தார்கள். மீதி போன தேர்தலுக்குப் போனது. நானும் கும்பாரே லியோன்சியோவும் மட்டும்தான் உள்ளே போட்டதைப் பார்த்தவர்கள். அவன் மகனுக்கு நான் ஞானத்தந்தை, அந்த உறவில்தான் கும்பாரே. அவன் வாயைத் திறக்க மாட்டான், நானும் அவனைக் கைவிட முடியாது. அப்போது, இரண்டு வருஷத்தில் சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். தென்னந்துண்டு இவ்வளவு சீக்கிரம் உளுத்துப்போகும் என்று யாருக்குத் தெரியும்?

ஜூலையில் இடித்துவிட்டுக் கட்டுகிறேன். மாதா மேல் சத்தியம். கவர்னர் ஆகிவிட்டால் என் கையால் உத்தரவு போடலாம். இப்போது போய் ரிபெராக்காரர்களைக் காலி செய்யச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். சால்தானாவுக்கு அது போதும். நானும் போவேன், எஸ்தெலாவும் போவாள், லியோன்சியோ ஜெயிலுக்குப் போவான்.

இன்னும் ஏழு வாரம்தான். வேண்டிக்கொள். இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன்னைத் தவிர ஒருவருக்கும் தெரியக்கூடாது.

மோய்

*

கிளாரா மடம்
2 ஏப்ரல்

மோய்,

இத்தனை வருஷமாக எனக்கு எழுதுகிறாய், இது உனக்குத் தெரியாதா? எனக்கு வரும் கடிதம் எதையும் நான் பிரிப்பதில்லை. மதர் பிரித்துப் படித்த பிறகுதான் என் கைக்கு வரும். இங்கே எல்லோருக்கும் அப்படித்தான். பிறந்தநாள் அட்டைக்குக்கூட அப்படித்தான்.

உன் கடிதத்தை மதர் தானே கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "அவர் வாயால சொல்லணும் சிஸ்டர். அதுவரைக்கும் நமக்கும் இதுல பங்கு இருக்கு" என்றார். அன்றிலிருந்து நாங்கள் இருவர் மட்டும் இதைச் சுமந்துகொண்டு மற்றவர்களோடு பாடுகிறோம்.

கூரையைப் பற்றி எழுதியிருந்தாய். சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். பிப்ரவரியில் உன் முட்டையைப் பார்த்ததுமே எனக்கு உறுத்தியது. அழுத்திக் கேட்காமல் வேடிக்கையாக எழுதி விட்டுவிட்டேன். ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நீ கொடுத்த கூரையின் கீழே உட்கார்ந்துதான் எழுதினேன், அதனால்தான்.

இனி உன் மழைக்காக நான் வேண்டப்போவதில்லை. வேண்டினால் அந்தச் சுவருக்கு நானும் ஒரு பூச்சு பூசியது போலாகும். முட்டை அனுப்பாதே, வாங்க மாட்டோம்.

ரிபெராவுக்குப் போ. அவர்களை மேட்டுக்கு ஏற்று. நீ போகாவிட்டால் நான் மடத்து அடைப்பை விட்டு வெளியே வர மதரிடம் அனுமதி கேட்பேன். அறுபது வயதில், வெறுங்காலோடு, இந்த உடையில் நான் ரிபெராவில் வீடு வீடாகத் தட்டினால் உன் தேர்தல் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள். மிரட்டலா என்று கேட்பாய். ஆமாம், மிரட்டல்தான்.

பெத்தா

*

மாலிங்காய்
5 மே

அக்கா,

ஈஸ்டர் முழுக்க உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.  நீ வெளியே வரவேண்டாம். நான் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன்.

தேர்தலுக்கு முன்னால் ஓட்டுக்களை அடைத்துவைப்பது இங்கே எல்லோரும் செய்வதுதான். நம் ஆட்களை ஒரு மதிலுக்குள் கொண்டுபோய், தின்னக் கொடுத்து, குடிக்கக் கொடுத்து, எதிராளி வந்து விலை பேசாதபடி காவல் போட்டு, ஓட்டுப் போடும் காலையில் நேராக வாக்குச்சாவடிக்குக் கூட்டிப் போவது. மேட்டில் இருக்கும் என் நெல் கிடங்கைக் காலி செய்தேன். ரிபெரா முழுவதையும் அங்கே கொண்டுபோக லாரி அனுப்பினேன். சுட்ட பன்றி, தென்னங்கள், கரோக்கே, பாய், தலையணை எல்லாம். பத்து நாள் விருந்து. யாரும் ஏன் என்றே கேட்கவில்லை! இவ்வளவு செலவு செய்து ஓட்டுக் காக்கிறானே என்று சால்தானா பக்கம் மிரண்டு போயிருக்கிறார்கள். கெட்ட பழக்கத்தை வைத்தே ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் கணக்கெடுத்தால், எனக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். போடாதவர்கள் வரவில்லை. இதை எப்படி யோசிக்காமல் விட்டேன்? ஆற்றை ஒட்டிய வரிசை அப்படியே இருக்கிறது. உன் ரோசிங்கும் அங்கேதான். லியோன்சியோவை அனுப்பினேன். லாரியில் ஏறச் சொன்னவனிடம் வாசலில் நின்று, "பன்னிக்கறிக்கு ஓட்ட விக்கிற வீடு இது இல்ல. உங்க மேயர்கிட்ட போய்ச் சொல்லு, ரோசிங் கழுத்துல விலைச்சீட்டு தொங்கலன்னு" என்றாளாம். பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்களாம்.

காசு வாங்கியவன் எல்லாம் மேட்டில் பத்திரமாக இருக்கிறான். வாங்காதவர்கள்தான் சுவருக்குக் கீழே இருக்கிறார்கள். நான் என்ன செய்ய? நீயே சொல்லு.

மோய்

*

கிளாரா மடம்
8 மே

மோய்,

ரோசிங் இங்கேயும் வந்தாள். பெருமையாகச் சொன்னாள், "மேயர் விருந்துக்குக் கூப்பிட்டாரு சிஸ்டர், போகல" என்று. அலமாரிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, போயிருக்கலாமே அம்மா என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள். நல்லது என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: லியோன்சியோவை அனுப்பாதே. நீ போ. விருந்து என்று சொல்லாதே. சுவரில் கம்பி இல்லை என்று சொல். விலைக்கு வராதவளைக் கிளப்ப வேறு வழி கிடையாது.

இன்று மதியம் தோட்டத்தில் துணி எடுக்கப் போனேன். மலைப் பக்கம் கறுத்திருக்கிறது. நான் ஒன்றும் வேண்டவில்லை, எதற்காகவும் இல்லை. சீக்கிரம் போ.

பெத்தா

*

மாலிங்காய்
18 மே

அக்கா,

உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். ஜெயித்துவிட்டேன். இந்த மாகாணத்தில் இதுவரை யாரும் வாங்காத ஓட்டு. எஸ்தெலாவும் ஜெயித்தாள். ரிபெரா சுவர் போய்விட்டது. ஆற்றை ஒட்டிய வரிசையில் ஒரு வீடு மிச்சமில்லை. ஆள் ஒருவர்கூடச் சாகவில்லை. முதலில் அதைச் சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துக்கொள்.

சனிக்கிழமை காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று இருந்தேன், பாதியில் எழுந்துவிட்டேன். தனியாக ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனேன். ரோசிங் வீட்டுக்குள் நின்று சுவரைப் பார்த்தேன். என் முகம் வரைந்த இடத்தில் கன்னம் முழுக்க நனைந்திருந்தது. "எல்லாரும் கிளம்புங்க, ஆறு பொங்குது" என்றேன். ரோசிங் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "திங்கக்கிழமை வரைக்கும் எங்களையும் கிடங்குல போட்டுப் பூட்டலாம்னு பாக்கறீங்களா மேயர்? சால்தானாவுக்கு ஒரு ஓட்டுக்கூட விழக்கூடாது, அதானே?" அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. ஒருவன் என் காதுபடவே, "பன்னி தீந்துபோச்சா மேயர்?" என்றான்.

அப்போது சொல்லியிருக்கலாம் அக்கா. வாயில்தான் இருந்தது. நீ எழுதியிருந்த அதே வார்த்தைகள். ஏன் வரவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

அவள் மாமியார் பாசியா, கால் விளங்காத கிழவி, மூலையில் பாயில் உட்கார்ந்து புகையிலை மென்றுகொண்டிருந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, குனிந்து அவளைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினேன். கிழவி செருப்பைக் கழற்றி என் மண்டையில் அடிக்கிறாள், "திருடன்! மேயர் என்னத் தூக்கிட்டுப் போறான்!" என்று கத்துகிறாள். ரோசிங் அரிவாளோடு துரத்துகிறாள். அவள் புருஷன், பிள்ளைகள், அந்த வரிசையே கம்பும் கல்லுமாக என் பின்னால் மேட்டுக்கு ஏறி வருகிறது. ஐம்பத்தைந்து வயது, சர்க்கரை உடம்பு. மூச்சு நின்றுவிடும் என்று நினைத்தேன். நின்றாலும் பரவாயில்லை என்றும் நினைத்தேன். சேவல் சண்டைக் கொட்டகை வரை ஓடி விழுந்தேன். அவர்கள் என்னைச் சுற்றி நின்று கை ஓங்கியபோதுதான் கீழே அந்தச் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை.

பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ரோசிங் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். கொட்டகையில் இருந்த ஒரு பத்திரிகைக்காரன் நான் கிழவியோடு ஓடி வந்ததைப் படம் எடுத்திருக்கிறான். மறுநாள் முதல் பக்கம் முழுக்க அதுதான். திங்கட்கிழமை ரிபெராவில் சால்தானாவுக்கு ஓட்டே இல்லை. அந்த ஆற்று வரிசை முழுக்க, விலைக்கு வராத அத்தனை பேரும், எனக்குப் போட்டார்கள்.

புதுச் சுவருக்கு நிதி வருகிறதாம். என் கம்பெனியே கட்டட்டும் என்று ஊர்க் கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள்.

நீ சந்தோஷப்படவில்லை என்று தெரியும். ஆனாலும் உயிர் எல்லாம் தப்பியது அக்கா. அது கணக்கில் வராதா?

மோய்

*

கிளாரா மடம்
16 ஜூன்

மோய்,

கணக்கில் வரும். உன் கடிதத்தைப் படித்து அழுதேன், செருப்படி வாங்கிய இடத்தில் சிரித்தேன். மதரும் அப்படித்தான். நீ கிழவியைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். அதை யாரும் உன்னிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. அதற்காகத்தான் இத்தனை நாள் பொறுத்தேன். நீயே மீதியையும் சொல்வாய் என்று நினைத்தேன். நீ தீர்மானத்தைப் பற்றி எழுதுகிறாய்.

நேற்று ரோசிங் வந்தாள். இப்போது பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள். கோழியும் போய்விட்டது, கொண்டுவர ஒன்றுமில்லை என்று வெறுங்கையோடு வந்தாள். "கவர்னருக்கு நூறு வயசு கொடுக்கணும்னு வேண்டிக்கங்க சிஸ்டர். என் பொண்ணு உசுரோட இருக்கறது அவரால" என்றாள்.

எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. நான் அவர் அக்கா என்று சொன்னேன். அவள் அலமாரிக்குள் கையை விட்டு என் கையைத் தேடினாள், முத்தம் கொடுக்க. நான் கையை நீட்டவில்லை. "அந்தச் சுவத்துல கம்பியே இல்லம்மா. அவனுக்குத் தெரியும். மார்ச்சுலேர்ந்து எனக்கும் தெரியும்" என்றேன். மதர் என் பக்கத்தில் நின்றார், தடுக்கவில்லை.

 அலமாரிக்குள்ளிருந்து அவள் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு, "நான் போன மாசம் வந்து விருந்துக்குப் போகலன்னு சொன்னப்ப, நல்லதுன்னீங்களே சிஸ்டர்" என்றாள்.   இரண்டரை மாதம் நான் வைத்திருந்த மௌனமும் உன் சுவரும் ஒன்றுதான், உள்ளே ஒன்றுமில்லை.

நீ பதவி ஏற்கும் அன்றைக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொல்லும் முன் நீ சொல்லிவிடு. இதுதான் நான் உன்னிடம் கேட்பது. இனி எழுத வேண்டாம் என்று மதரிடம் நானே தண்டனை கேட்டு வாங்கியிருக்கிறேன், வருஷக் கடைசி வரை. நீ எழுதினால் வரும், படிப்பேன்.

பெத்தா

*

மாலிங்காய்
1 ஜூலை

அக்கா,

நேற்றுப் பதவி ஏற்றேன். மாகாண மாளிகைப் படிக்கட்டில் மேடை, பேண்டு வாத்தியம், எஸ்தெலாவுக்கு அன்னாசி நாரில் நெய்த புதுச் சட்டை. கூட்டத்தில் முன்வரிசையில் ரிபெராக்காரர்களை உட்காரவைத்திருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் கேட்டார்களாம். ரோசிங் நடுவில் இருந்தாள், பக்கத்தில் அவள் மகள்.

சத்தியப் பிரமாணத்தில் ஒரு வரி உண்டு. மனதுக்குள் எதையும் மறைத்து வைக்காமல் இந்தப் பொறுப்பை ஏற்கிறேன் என்று வரும். மூன்று தடவை மேயராக மடமடவென்று சொன்ன வரிதான். நேற்று அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். நீதிபதி மெதுவாக, "சொல்லுங்க கவர்னர்" என்று எடுத்துக் கொடுத்தார். நான் கையை இறக்கிவிட்டு மைக்கைப் பிடித்தேன்.

சொல்லிவிட்டேன் அக்கா. "ரிபெரா சுவத்துல கம்பி இல்ல. கட்டினது நான். எனக்குத் தெரியும். தேர்தல் முடியட்டும்னு உங்ககிட்ட சொல்லாம இருந்தேன்" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. எஸ்தெலா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். லியோன்சியோ பின்வரிசையில் எழுந்து போவதைப் பார்த்தேன்.

 பிறகு கை தட்டினார்கள்.

நான் சொன்னது அவர்களுக்குக் கேட்கவில்லை என்று நினைக்காதே. நன்றாகக் கேட்டது. யாரோ ஒருவன், "பாத்தீங்களாடா, பழிய யார் மேலயும் போடாம தானே ஏத்துக்கறாரு, இதான் தலைவன்!" என்று கத்தினான். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. பேண்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டது. கிழவி பாசியாகூட நாற்காலியில் உட்கார்ந்தபடியே தட்டினாள். அவர்கள் தட்டத் தட்ட எனக்குள் ஒன்று லேசாகிக்கொண்டே வந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன், அந்த நேரத்தில் எனக்கு அது பிடித்திருந்தது. தப்பித்துவிட்டேன் என்று தோன்றியது.

ரோசிங் தட்டவில்லை.

மேடையை விட்டு இறங்கி அவளிடம் போனேன். எல்லோரும் வழிவிட்டார்கள், படம் எடுக்கிறவர்கள் கூடவே ஓடி வந்தார்கள். மரியாதைக்கு என் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வாள் என்று காத்திருந்தார்கள் போல. அவள் கையைத் தொடவில்லை. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டே, "இவ கட்டிலு அந்தச் சுவத்த ஒட்டித்தான் கிடந்துச்சு கவர்னர்" என்றாள்.

"நான் என்னம்மா பண்ணணும்? சொல்லு" என்று கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "இப்ப சொன்னீங்களே, அதையே திரும்பச் சொல்லுங்க. கை தட்டாத எடத்துல போய்ச் சொல்லுங்க."

இன்று ஞாயிறு, வழக்குத் தொடுக்கும் அரசு வக்கீல் அலுவலகம் பூட்டியிருக்கிறது. நாளைக் காலை அது திறக்கும்போது நான் வாசலில் நிற்பேன்.

மோய்